ரெயின்கோட் போட்டும் உள்ளே தொப்பலா நனையுது, லீக்கா? (அவசரம்)

ஈரச்சட்டை: போன வாரம் 2,000 ரூபாய்க்கு மேல போட்டு வாங்கின ரெயின்கோட்டு. கொஞ்ச தூரம் நடந்தாலே சட்டையைப் பிழியலாம். கடையில மாத்த நாளைக்குத்தான் கடைசி. சீக்கிரம் சொல்லுங்க.

பொன்னி: எந்த ஊரு? எவ்வளவு தூரம்? என்ன துணி? எங்கே நனையுது, தோளா முதுகா? ஒண்ணுமே சொல்லலையே.

நெல்லைக்காரன்: தையல்தான் காரணம். உள்பக்கம் தையல் மேல ஒட்டின டேப் உரிஞ்சிருக்கும். கோட்டோட தோள் பகுதியை வெளிப்பக்கம் மேல இருக்கிற மாதிரி பக்கெட் வாயில குழிவா விரிச்சு, ஒரு மக் தண்ணி ஊத்துங்க. பத்து நிமிஷம் கழிச்சு அடியில தடவிப் பாருங்க.

ஈரச்சட்டை: சென்னைதாங்க. ஸ்டேஷன்ல இருந்து ஆபீஸுக்கு நடை. முதுகுல லேப்டாப் பை, அதுக்கு மேல கோட்டு.

மழைமானி: ஐப்பசி பொறந்தா இந்தக் கேள்வி வந்துடும். பழைய கேள்வி பதில்களைத் தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. அது லீக் இல்லை தம்பி, உங்க வேர்வை. சாதா பிளாஸ்டிக் கோட்டுல ஆவி போக வழியே கிடையாது. ஆவியை வெளியே விடுற மெல்லிய சவ்வு வச்ச விலை கூடின கோட்டுலயும், உள்ளே ஆவியழுத்தம் (காத்துல இருக்கிற நீராவியோட அழுத்தம்) கூடவும் வெளியே குறைவாவும் இருந்தாத்தான் வேகமா வெளியேறும். குளிர் ஊருக்கு அது சரி. மழை நேரத்து சென்னையில 27 டிகிரி, ஈரப்பதம் 90-ஐத் தொடும். வெளியிலயே அவ்வளவு ஆவி இருக்கும்போது வேர்வை எங்கே போகும்?

பொன்னி: அப்போ குடைதான். மூணு மடிப்பு வேண்டாம், காத்துக்கு மல்லாந்துடும். நீளக் குடை.

கல்லாறு: போன்சோ வாங்குங்க, தலை வழியா மாட்டுற தொளதொள மழை அங்கி. பையும் சேர்ந்து மூடும், பக்கவாட்டுல காத்து வரும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு மழையில இதோடதான் நடக்கிறேன். சென்னையில பெய்யறதெல்லாம் ஒரு மழையா?

நெல்லைக்காரன்: போன்சோ போட்டா காலடி தெரியாது. மூடி இல்லாத பள்ளத்துல கால் விட்டா யார் பொறுப்பு?

மழைமானி: 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சு. அது மழை இல்லையா கல்லாறு? வால்பாறைப் பக்கம் குளிர், அங்கே எந்தக் கோட்டும் ஒத்துவரும்.

கல்லாறு: நாங்க மாசக்கணக்குல நனையறோம் சார். நீங்க ஒரு நாள் கணக்கைச் சொல்றீங்க.

பொன்னி: எங்க ஊர்ல யூரியா சாக்கைக் கொங்காணியா மடிச்சுத் தலையில மாட்டிட்டு நாத்து நடுவாங்க. தலையும் முதுகும் மூடும், முன்பக்கம் திறப்பு. வேர்க்கவே வேர்க்காது.

மழைமானி: ஆபீஸுக்கு யூரியா சாக்கா!

பொன்னி: தத்துவத்தைச் சொன்னேன். பைக்குத் தனி உறை, தலைக்குக் குடை, உடம்புக்குக் காத்து.

நெல்லைக்காரன்: தேங்கின தண்ணியில வெறுங்காலோடயோ திறந்த செருப்போடயோ நடக்காதீங்க. கால்ல புண் இருந்தா எலிக்காய்ச்சல் வரலாம்.

ஈரச்சட்டை: மக் வச்சுப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கலை. கோட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு குடையும் பை உறையும் வாங்கிட்டேன். நன்றி.

கல்லாறு: எத்தனை கம்பிக் குடை?

நெல்லைக்காரன்: ஆள் போயாச்சு.