எர்த்பவுண்ட் கார்ட்ரிட்ஜ் விலை போகவில்லை: சந்தையே இறங்கிவிட்டதா?

பழைய சூப்பர் நின்டெண்டோ வீடியோ கேம் கருவிக்கான ‘எர்த்பவுண்ட்’ கேம் ஒன்று விற்க வேண்டும். வட அமெரிக்கப் பதிப்பு, 1995. பெட்டி, கையேடு கிடையாது, வெறும் கார்ட்ரிட்ஜ். இடம் டொராண்டோ, ஸ்காப்ரோ. மார்ச்சிலிருந்து விளம்பரத்தில் கிடக்கிறது. பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், அத்தோடு சரி.

அசல்தான். 3.8 மி.மீ. திருப்புளி பிட் போட்டுத் திறந்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் படத்தையும் போட்டிருக்கிறேன். (காப்பி தடுப்பை உடைக்காத போலியாக இருந்தால் கடைசிச் சண்டையில் உறைந்துபோய் ஆட்டத்தைச் சேமித்த சேவ் ஃபைலையும் அழித்துவிடும். இது முடிவுவரை ஓடுகிறது.) சேவைக் காக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி பழையதுதான், 2.9 வோல்ட் காட்டுகிறது, சேவ் நிற்கிறது.

ஈபேயில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, கனடிய டாலருக்கு மாற்றித்தான் விலை வைத்தேன். பிறகு பத்து சதவீதம் குறைத்தேன். தபால் செலவையும் நானே ஏற்றுக்கொண்டேன். உள்ளூர்க் கடையில் ரொக்கம் என்றால் பாதி விலைதான்.

2021இல் சீல் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ 15.6 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனதே, அந்தக் கூத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அது தரச்சான்று பெற்ற சீல் பெட்டிகளின் உலகம். ஆனால் 2022 பிப்ரவரியில் எர்த்பவுண்ட் நின்டெண்டோவின் சந்தா சேவையான ஸ்விட்ச் ஆன்லைனில் வந்தபின், விளையாட மட்டும் வாங்குகிறவர்கள் விலகிவிட்டார்களோ என்று சந்தேகம்.

கனடாவில் இந்த வருடம் பெட்டியில்லாத சூப்பர் நின்டெண்டோ கேம் விற்றவர்களே, ஈபே விற்பனை விலையில் எத்தனை சதவீதம் உங்கள் கைக்கு வந்தது?