25 அடிப் பாய்மரப் படகுக்கு முன்பாய் எந்த அளவில் தைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். சென்னைத் துறைமுகத்துக்குள் நிறுத்தியிருக்கும் என் 25 அடிப் பாய்மரப் படகுக்குப் புதிய முன்பாய் தைக்க வேண்டியுள்ளதால், அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை நாடி எழுதுகிறேன்.

இப்போதுள்ளது 150 சதவீத ஜெனோவா (பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாய்). அதாவது, பாயின் முன்விளிம்புக்குச் செங்கோணத்தில் பின்மூலை வரை அளக்கும் தூரம், பாய்மரத்துக்கும் அதிலிருந்து படகின் முன்முனைக்கு இறங்கும் முன்கம்பியின் அடிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு. காலையில் காற்று மெலிந்திருக்கும்போது படகை இழுத்துச் செல்வதே அதுதான். ஆனால் சித்திரை, வைகாசியில் பிற்பகல் கடற்காற்று ஏறியதும் படகு அளவுக்கு மீறிச் சாய்கிறது. சுக்கானைப் பிடித்திருக்கும் கை கடுத்துப்போகிறது. பாதிப் பாயைச் சுருட்டினாலோ நடுவில் தொப்பை விழுந்து, காற்றை எதிர்த்து ஏற முடிவதில்லை. திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் பக்கக் கம்பிகளில் உரசி உரசி, ஓரத் தையலும் விரற்கடை நீளத்துக்குப் பிரிந்துவிட்டது.

என் மனம் 120 சதவீதத்தை நாடுகிறது. பெரும்பாலும் நானும் என் மகளும் மட்டுமே செல்வதால், வேகத்தைவிடக் கையாளும் எளிமையே எனக்கு முக்கியம். அந்த அளவில் தைத்தவர்கள், மெல்லிய காற்றில் எவ்வளவு வேகம் குறைந்தது, பாய்க்கயிறு செல்லும் கப்பியை முன்னே நகர்த்த வேண்டியிருந்ததா, சுருட்டும்போது வடிவம் கெடாதிருக்க முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்தது பயன்பட்டதா என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.