பனந்தோப்பிலும் உடங்காட்டிலும் கண்டவை: நிலம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

சாயல்குடி பனங்காட்டுக்காரர்:

சாயல்குடிக்கும் நரிப்பையூருக்கும் நடுவே எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. பாதி பனை, மீதி உடை மரமும் சீமைக் கருவையும். மணல் பூமி, கடற்காற்று நேராக வந்து அடிக்கும். "மொத்தமா ஜேசிபி விட்டுத் தள்ளிரு. கருவையைக் கரிமூட்டத்துக்குக் குடு, பனையைச் சூளைக்குக் குடு" என்பதுதான் ஊரில் கிடைத்த யோசனை. எனக்கு மனம் வரவில்லை. முயலும் கவுதாரியும் பனங்காடையும் தங்குகிற மாதிரி இந்த நிலத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். முடிகிறது. எதைச் செய்ததால் எது வந்தது என்று எழுதுகிறேன். உங்கள் தோப்பிலும் கொல்லையிலும் கண்டதை நீங்களும் எழுதுங்கள்.

முதலில் மொட்டைப் பனை. இடி விழுந்தோ வயதாகியோ கொண்டை போன பனையை யாரும் நிற்க விடுவதில்லை, உடனே லாரி ஏறிவிடும். எங்கள் தோப்பில் அப்படி நின்றவற்றை நான் தொடவில்லை. உச்சி இற்றுப்போய்க் குழி விழுந்ததும் பச்சைக்கிளிகள் குடியேறின. அடுத்த பங்குனியில் ஒரு பனங்காடை ஜோடி அதே பொந்துக்கு உரிமை கேட்டு வந்தது. ஒன்று நல்ல உயரத்துக்கு ஏறி, கரகரவென்று கத்திக்கொண்டே புரண்டு புரண்டு கீழே பாயும். அப்போது இறக்கையில் தெரியும் நீலத்தை உட்கார்ந்திருக்கும்போது பார்க்கவே முடியாது. பதநீர் இறக்க வந்த பனையேறி அண்ணன் பக்கத்து மரத்தில் பாதியிலேயே நின்று வேடிக்கை பார்த்தார். கடைசியில் கிளிகள் அடுத்த மொட்டைக்கு நகர்ந்துகொண்டன. இன்னொரு மொட்டை இருந்ததால்தான் இரண்டு குடும்பமும் பிழைத்தது. அதனால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள், வீட்டுக்கும் பாதைக்கும் ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் மொட்டை எல்லாவற்றையும் விட்டுவையுங்கள். இப்போது ஒன்றில் புள்ளி ஆந்தை இருக்கிறது. பச்சைப் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பட்டுப்போன பனைக்கு நம்மை விட்டால் யாரும் காவல் இல்லை.

காய்ந்து தொங்குகிற காவோலையும் அப்படித்தான். பனை உழவாரன் குருவி தன் எச்சிலால் ஓலையோடு ஒட்டித்தான் கூடு கட்டுகிறது. ஏறுகிற மரத்தில் காவோலையைக் கழிக்காமல் தொழில் நடக்காது, சரி. ஏறாத மரங்களிலாவது தொங்க விடலாம்.

அப்புறம் முள்ளுக்காடு. இதில் எனக்கு வழி சொன்னவர் என் மாமா. இளம் வயதில் மண்டை நாய் வளர்த்து முயல் வேட்டைக்குப் போனவர், இப்போது அதையெல்லாம் விட்டு வெகுகாலம் ஆகிறது. அவரைத் தோப்புக்கு அழைத்துப் போனபோது கருவைக் காட்டைப் பார்த்ததுமே, "நடுக்காட்டுல ஒண்ணும் இருக்காது மாப்ளே. ஓரத்தைப் பாரு" என்றார். நம் ஊர் முயல் வளை தோண்டாது. புல்லும் புதரும் சேருகிற இடத்தில் சின்னப் பள்ளமாக ஒரு படுக்கை, பகல் முழுக்க அதில் அசையாமல் கிடக்கும், இரவில் வெளியே வந்து மேயும். மறைவு ஒரு பக்கம், மேய்ச்சல் ஒரு பக்கம், இரண்டும் ஓட்டத்தூரத்தில் இருக்க வேண்டும். அடர்ந்த சீமைக் கருவைக்கு அடியில் புல்லே முளைப்பதில்லை, அங்கே முயலுக்கு என்ன வேலை?

இங்கிலாந்தில் ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டைக்காகவே தனியார் காடுகளைப் பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் காட்டை ஒரேயடியாக வெட்டுவதில்லை. பகுதி பகுதியாகச் சுழற்சி முறையில் வெட்டித் துளிர்க்க விடுகிறார்கள், நடுவே வெயில் இறங்க அகலமான பாதை விடுகிறார்கள், ஓரத்தில் குட்டைப் புதரை வளர்க்கிறார்கள். அவர்களுக்கு முடிவில் துப்பாக்கி இருக்கிறது. நமக்கு அது கிடையாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது, சொந்தப் பட்டா நிலம் என்பதால் விலக்கு இல்லை. கண்ணி வைப்பதும், முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். இந்தத் தடை வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் வேட்டைக்காரனின் கண்ணுக்குத் தெரிந்த விஷயம் வீணாகக் கூடாது. மாமாவின் அறிவு இப்போது முயலுக்குப் படுக்கை போடத்தான் பயன்படுகிறது.

செய்தது இதுதான். கருவையைப் பட்டை பட்டையாக எடுத்தேன், ஒரு பட்டை வெட்டினால் பக்கத்துப் பட்டை நிற்கும். மேலே மட்டும் வெட்டினால் அது முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். மழை முடிந்த தை மாதத்தில் மண் இளக்கமாக இருக்கும்போது வேலையைத் தொடங்கி, பங்குனிக்குள் நிறுத்திவிடுவோம். அதன்பிறகு கவுதாரி புல்லடியில் முட்டை வைக்கும் காலம். உடை, சங்கஞ்செடி, இலந்தை, சூரை, காரை என்று நாட்டு முட்செடி எதிலும் அரிவாள் படாது.

இரண்டு மழைக்காலம் போனதும் திறந்துவிட்ட பட்டையில் புல் வந்தது. ஒரு விடியற்காலை, சங்கஞ்செடி ஓரத்தில் என் காலடிக்குப் பக்கத்திலிருந்து முயல் பீறிட்டு ஓடியது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், படுக்கை சூடாக இருந்தது. மாமாவிடம் சொன்னதும் அவர் கேட்டது: "எந்தப் பக்கம் ஓடுச்சு, முள்ளுக்கா வெட்டவெளிக்கா?" முள்ளுக்கு என்றேன். "அப்ப அதுக்கு உன் காடு பழகிருச்சு."

தண்ணீருக்குத் தாழ்ந்த இடத்தில் ஊற்று தோண்டியிருக்கிறேன். ஒரு பக்கத்தைக் கட்டாயம் சரிவாக வெட்டுங்கள். கவுதாரிக் குஞ்சுகள் வரிசையாக இறங்கிக் குடித்துவிட்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். செங்குத்துக் குழி என்றால் உள்ளே விழுந்த உயிர் வெளியே வராது.

புதுமடம் தென்னந்தோப்பு:

அண்ணாச்சி, எங்களுடையது காடு இல்லை, கடலோரத் தென்னந்தோப்பு. வேலியோரமாகப் பூவரசும் புங்கையும் நிற்கின்றன. அதன் சருகை ஒரு மூலையில் அப்படியே கிடக்க விடுவது வாப்பா காலத்திலிருந்து வழக்கம். ஐப்பசியில் ஒரு நாள் அந்தச் சருகுக்குள் ஏதோ கிளறும் சத்தம். பெருச்சாளி என்று நினைத்து உம்மா கம்போடு போனார்கள். பார்த்தால் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, வயிற்றில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. அலகால் ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் புழு எடுத்துக்கொண்டிருந்தது. எட்டு அடி தூரத்தில் நாங்கள் நின்றும் பறக்கவில்லை, அவ்வளவு களைப்பு. இமயமலை அடிவாரம் வரைக்கும் உள்ள வட இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை அது. நம் கடற்கரை அதன் வழியில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் சருகைக் கூட்டி எரிப்பதில்லை. வீட்டுப் பூனையைக் காலையிலும் மாலையிலும் உள்ளே வைத்துவிடுவோம். களைத்து வந்த பறவைக்குப் பூனைதான் எமன். ஆறு ஏக்கர் இல்லாதவர்களும் ஒரு மூலைச் சருகை விட்டுவைக்கலாம், அதற்குக் காசு செலவில்லை.

கடலாடி விவசாயி:

எழுதியதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள் அண்ணே. என் வயலுக்குப் பக்கத்தில் இருப்பது ஊருக்கு வெளியே குடியிருக்கும் ஒருவருடைய கருவைக் காடு. பார்க்க ஆள் இல்லை, பகல் முழுக்கக் காட்டுப்பன்றி அதற்குள்தான் படுத்திருக்கும். நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு ராத்திரி டார்ச் அடித்தேன். தாய்ப்பன்றி ஒன்று, பின்னால் வரிசையாகக் குட்டிகள். நான் வரப்பில், அது பத்தடியில். உறுமிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தது. விளக்கை அணைத்துவிட்டு அப்படியே பின்னால் நகர்ந்து வந்தேன். விடிந்து பார்த்தால் பாத்தி பாத்தியாக உழுது போட்டிருக்கிறது. அந்த நட்டத்தை யார் தருவார்கள்?

இருந்தாலும் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டுவெடி, வைக்கிறவர்களை நான் ஏற்கவில்லை. அதைக் கடித்து வாய் கிழிந்த பசுவைப் பார்த்தவன் நான். கம்பியில் கரண்டு விடுவதும் கொலைதான், ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வருகிறவனும் அதில் சாவான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம் என்று 2025இல் அரசு முடிவெடுத்தது. சுட வேண்டியது வனத்துறை, நாம் இல்லை. காடு வளர்க்கிறவர்கள் பக்கத்து வயலை நினைத்து வளர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சாயல்குடி பனங்காட்டுக்காரர்:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. வயலை ஒட்டிய பக்கம் அடர்ந்த கருவை இருக்கவே கூடாது. எங்கள் நிலத்தில் பக்கத்துக்காரர் மிளகாய் போடும் எல்லையில் முப்பது அடி அகலத்துக்குத் தூரோடு எடுத்து வெட்டவெளியாக வைத்திருக்கிறோம். அதில் ஆவாரையும் புல்லும் மட்டும். பன்றிக்கு மறைவு இல்லாமல் நடக்கப் பிடிக்காது. முயலும் கவுதாரியும் அந்தப் புல்லில் மேயும். பன்றி அறவே வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் குட்டியோடு தங்குவது நின்றிருக்கிறது. உங்கள் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். கரிமூட்டக்காரர்கள் அந்த ஓரத்தை மட்டும் விலை பேசி எடுத்துக்கொள்வார்கள், அவருக்கும் காசு.

புதுமடம் தங்கச்சி, அந்தச் சருகு மூலையில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

கருவை எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று தனியாகக் கேட்டிருந்தவர்களுக்கு: சும்மா விட்டால் ஆட்டுப் புழுக்கையில் வரும் விதையிலிருந்து கருவையே மறுபடி முளைக்கும், நாற்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். அந்த இடத்தில் நாட்டு உடையைப் போடுங்கள். காய்ந்து விழுந்த உடை நெற்றைப் பொறுக்கி விதையை எடுத்து, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். புரட்டாசிக் கடைசியில் குழிக்கு மூன்று விதை. சுற்றி வேலிக்குக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டால் போதும், கம்பி வேண்டாம். முதல் இரண்டு வருடம் ஆடு மட்டும் உள்ளே வரக் கூடாது.