17-7 பிஎச் ஷீட்: ஏஜிங் முடிந்தும் ஹார்ட்னஸ் ஏறவில்லை, அளவும் மாறிவிட்டது

கேள்வி:
வணக்கம். 1.2 மி.மீ. 17-7 பிஎச் (உலையில் கடினமாக்கும் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட், கண்டிஷன் ஏ-வில், அதாவது மெத்தான நிலையில் வாங்கியது. லேசரில் துளை போட்டு, மடக்கி, மூலைகளை டிக் வெல்டிங்கில் 308எல் (சாதாரண ஸ்டெயின்லெஸ்) கம்பி கொடுத்து அடைத்தேன். பிறகு டிஎச் 1050 என்ற கடினமாக்கும் உலை முறை. 760 டிகிரியில் 90 நிமிடம் வைத்து வெளியே எடுத்து, ஷெட்டிலேயே ஆறவிட்டேன். இருட்டிவிட்டதால் ஏஜிங்கை (வலுவேற்றும் கடைசிச் சூடு) மறுநாள் காலை 565 டிகிரியில் 90 நிமிடம் செய்தேன். டிராயிங்கில் ஹார்ட்னஸ் ராக்வெல் சி அளவில் 38-க்குக் குறையக்கூடாது. எனக்கு வருவது 31, 32தான். வெல்டு அதைவிடவும் மெத்து. 400 மி.மீ. இடைவெளியில் போட்ட துளைகள் இப்போது 401.1 காட்டுகின்றன. 12 பீஸ் இப்படி நிற்கின்றன. எங்கே தவறினேன்?

பதில் 1:
தம்பி, உங்கள் 401.1-லேயே விடை இருக்கிறது. நான் பல வருஷம் உலை பார்த்தவன், இதே இடத்தில் ஒரு லாட் முழுக்க இழந்திருக்கிறேன்.

கண்டிஷன் ஏ-வில் இந்த ஷீட் பெரும்பாலும் ஆஸ்டினைட், அதாவது மெத்தான படிக அமைப்பு. 760-ல் வைக்கும்போது குரோமியம் கார்பைடு பிரிந்து வெளியே வரும். மிச்ச ஆஸ்டினைட்டில் கார்பன் குறைவதால், ஆறும்போது அது மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாற முடிகிறது. அந்த மாற்றம் முடிய, உலையை விட்டு எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 15 டிகிரிக்கு இறக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஷெட் காற்று அவ்வளவு குளிராது. ராத்திரி முழுக்க விட்டதில், மாறாத ஆஸ்டினைட் அப்படியே நிலைத்துவிட்டது. அதற்குமேல் ஏஜிங் கொடுத்துப் பயனில்லை, ஏஜிங்கில் பிரியும் அலுமினியம் கலந்த நுண்துகள்கள் மார்ட்டென்சைட்டில்தான் வலு சேர்க்கும்.

இப்போது அளவு. மார்ட்டென்சைட் இடம் அதிகம் பிடிக்கும். முழுதாக மாறினால் 400-க்குச் சுமார் 1.8 மி.மீ. வளர்ந்து, ஏஜிங்கில் 0.2 சுருங்கி, 401.6-ல் நிற்க வேண்டும். உங்களுடையது பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் போயிருக்கிறது. அடுத்த முறை ஹார்ட்னஸ் பார்க்கும் முன் இந்த இடைவெளியை அளந்து பாருங்கள்.

வெல்டு வேறு கதை. 308எல் எந்த உலையிலும் கடினமாகாது. 17-7 கம்பியே வேண்டும். அதில் அலுமினியம் இருப்பதால் உருகிய குட்டையின் மேல் ஆக்சைடு படலம் கட்டும், உலோகம் சோம்பலாக ஓடும். ஆர்க்கைச் சிறிதாக வைத்து, பின்பக்கமும் ஆர்கான் கொடுங்கள். உலையில் ஏற்றும் முன் எண்ணெய், மார்க்கர் மை எல்லாம் போகக் கழுவுங்கள். அவை எரிந்து கார்பனாக மேல்தோலில் ஏறினால் அங்கேயும் ஆஸ்டினைட் மாறாது.

பதில் 2:
துளை நகர்வதுதான் பெரிய தொல்லை என்றால் 17-4 (இன்னொரு பிஎச் ஸ்டீல்) யோசிக்கலாமா? 482 டிகிரியில் ஒரு மணி நேரம், ஒரே படி. 400-க்கு 0.2 மி.மீ. அளவுதான் சுருங்கும்.

பதில் 1 எழுதியவர்:
கெட்டியாகக் கடையும் பாகத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் 17-4 வாங்கும்போதே மார்ட்டென்சைட், இவர் மடக்கும் மூலைகளில் வெடிக்கும். மடக்கு இருக்கும்வரை 17-7-ஐ விடாதீர்கள்.

அந்த 12 பீஸ்களையும் 1065 டிகிரியில் மறுபடி அனீல் செய்து (சூடாக்கி மெத்தாக்கி) முதலிலிருந்து தொடங்கலாம். மெல்லிய ஷீட் அந்தச் சூட்டில் தொய்யும், தாங்கி வைக்க ஃபிக்ஸ்சர் வேண்டும். மூலை வெல்டு சுமை தாங்குவதாக இருந்தால் அந்த உழைப்பும் வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
வெல்டு சுமை தாங்குவதுதான், 12-ஐயும் ஒதுக்கிவிட்டேன். மிச்ச ஷீட்டில் ஒரு நீளத் துண்டு வெட்டி, 17-7 கம்பியில் ஒரு வெல்டு கோடு ஓட்டி, 760-லிருந்து எடுத்துக் காற்றில் ஆறியதும் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஐஸ் தண்ணீரில் இறக்கினேன். 50-வது நிமிடம் 12 டிகிரி. 40 நிமிடம் வைத்து அன்றே ஏஜிங். ஷீட்டில் 42, இடைவெளி 401.6. புது டிராயிங்கில் துளைகளை 398.4-க்குப் போட்டிருக்கிறேன். மடக்கிய பாகத்திலும் இரண்டு திசையிலும் ஒரே அளவு வளருமா என்று முதல் பீஸில் அளந்துவிட்டுத்தான் மற்றதை வெட்டப்போகிறேன்.