வீட்டுக்குள் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப், மூதூரில் இருந்து திறக்குதில்லை

உவர்மலை_வாசல்:
வீடு திருகோணமலை உவர்மலையில். மேசைக் கொம்பியூட்டர், விண்டோஸ் 11 ப்ரோ. இணைப்பு 4ஜி சிம் போடும் ரவுட்டர். வீட்டு வைஃபையில் லாப்டாப்பை வைத்து 192.168.8.105 என்று அடித்தால் ரிமோட் டெஸ்க்டாப் (ஒரு கொம்பியூட்டரை இன்னொன்றில் இருந்து திறந்து வேலை செய்யும் வசதி) உடனே திறக்குது. மூதூரில் வேலை இடத்தில் இருந்து போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று நிற்குது. அங்கிருந்து நான் அடிப்பது, வீட்டில் இருக்கும்போது ‘என் ஐபி என்ன’ என்று தேடி எடுத்த இலக்கம். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் பாவிக்கும் 3389 போர்ட்டை அந்தக் கொம்பியூட்டருக்குத் திருப்பியும் விட்டாச்சு, ஃபயர்வோலை நிறுத்தியும் பார்த்தாச்சு. இன்னொன்று: கரண்ட் போய் வந்தால் கொம்பியூட்டர் தானாக எழும்புதில்லை. எங்கே பிழை?

வலைப்பின்னல்:
முதலில் ஃபயர்வோலைத் திரும்பப் போடுங்கள். வீட்டுக்குள் திறக்குதென்றால் கொம்பியூட்டரும் ஃபயர்வோலும் சரிதான், அதை நிறுத்தி ஒரு பயனும் வராது.

ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் ‘வான் ஐபி’ (ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த இலக்கம்) என்ற வரியைப் பாருங்கள். தேடி எடுத்த இலக்கமும் அதுவும் ஒன்றா? வேறாக இருந்து, வான் ஐபி 10 என்று தொடங்கினால், அல்லது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. நிறுவனம் ஒரே பொது இலக்கத்தைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கும். மூதூரில் இருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவி வரை வந்து, எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் அங்கேயே விழுந்துவிடும். ரவுட்டருக்கு வந்தே சேராத அழைப்பை ரவுட்டர் எப்படித் திருப்பும்? அதில் எத்தனை போர்ட் திறந்தாலும் இதே கதைதான்.

இரண்டு இலக்கமும் ஒன்றாக இருந்தாலும்கூட 3389-ஐ வெளியே திறந்து வைக்க வேண்டாம். அந்தப் போர்ட்டைத் தேடிப் பாஸ்வேர்ட் அடித்துப் பார்க்கும் தானியங்கிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2019-இல் வெளியான புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டையால் உள்ளே நுழையப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, எக்ஸ்பி எல்லாம் அதில் மாட்டின. போர்ட் இலக்கத்தை மாற்றி வைப்பதும் மறைப்பு இல்லை, எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கிறார்கள். போட்டு வைத்த திருப்பலை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

நிலாவெளி_நெட்:
மேலே சொன்னது சரி. இதற்கு வழி டெயில்ஸ்கேல், வெவ்வேறு இடத்தில் இருக்கும் உங்கள் கருவிகளை ஒரே தனி வலையில் சேர்க்கும் செயலி. இரண்டு பக்கமும் வெளியே நோக்கி இணைப்பை எடுப்பதால் சிஜிநாட் தடுக்காது. தனிப்பட்ட பாவனைக்கு இலவசம்.

வீட்டுக் கொம்பியூட்டரிலும் லாப்டாப்பிலும் அதை நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். வீட்டுக் கொம்பியூட்டருக்கு 100 என்று தொடங்கும் இலக்கம் ஒன்று கிடைக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இனி அதைத்தான் அடிக்க வேண்டும். (சிஜிநாட்டுக்கு என்று ஒதுக்கிய அதே தொகுதிக்குள் இருந்துதான் டெயில்ஸ்கேலும் இலக்கம் எடுக்குது. ரவுட்டரில் தெரியும் 100-ஐயும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பலர் சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, விண்டோஸில் ஆள் லாக்-இன் ஆகாமல் டெயில்ஸ்கேல் இணைப்பு எழும்பாது. கரண்ட் போய் வந்து கொம்பியூட்டர் திரும்ப ஓடினாலும், வெறும் லாக்-இன் திரையில் நின்றால் உங்களுக்குக் கிடைக்காது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டெயில்ஸ்கேல் குறியை அழுத்தி, ப்ரிஃபரன்ஸில் ‘ரன் அன்அட்டெண்டட்’ என்பதை ஒன் பண்ணுங்கள். மற்றது, டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காணும் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதி ஆகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் திடீரென்று நிற்கும். பிறகு திரும்ப லாக்-இன் செய்ய வீட்டுக்குப் போக வேண்டி வரலாம். இணையத்தில் டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், வீட்டுக் கொம்பியூட்டருக்கு மட்டும் ‘கீ எக்ஸ்பைரி’யை நிறுத்திவிடுங்கள். லாப்டாப்புக்கு அப்படியே இருக்கட்டும், அது தொலையக்கூடிய சாமான்.

உவர்மலை_வாசல்:
நன்றி அண்ணா. வான் ஐபி 10 என்றுதான் தொடங்குது. திருப்பலை அழித்து, டெயில்ஸ்கேல் போட்டு, போன் டேட்டாவில் லாப்டாப்பை இணைத்துப் பார்த்தேன். இப்ப பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் இடம் வரை வருது, ஆனால் பிழை என்கிறது. வீட்டில் நான் அடிக்கும் அதே நான்கு இலக்கம்தான். முதலில் வீட்டுக்குள் திறந்தபோது லாப்டாப் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தது போல.

வலைப்பின்னல்:
அந்த நான்கு இலக்கம் ‘பின்’ (PIN). அது அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அடிப்பதற்கு மட்டும், ரிமோட்டில் செல்லாது. மைக்ரோசொஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்ட் வேண்டும், பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரி. அதுவும் பிழை என்றால், வீட்டுக் கொம்பியூட்டரில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஒப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோ (பின், முகம், விரல் ரேகையால் நுழைவது) மட்டும் போதும் என்று இருக்கும் தெரிவை ஓஃப் பண்ணி, லாக்-அவுட் ஆகி, ‘பின்’ இல்லாமல் பாஸ்வேர்டாலேயே ஒரு தடவை நுழையுங்கள். அப்போதுதான் அந்தப் பாஸ்வேர்ட் கொம்பியூட்டருக்குள் பதியும். பாஸ்வேர்டே வைக்காத உள்ளூர்க் கணக்கையும் ரிமோட் டெஸ்க்டாப் ஏற்காது.

போன் டேட்டாவில் பார்த்தது நல்லது. எப்போதும் வெளி இணைப்பில் இருந்தே சோதியுங்கள்.

சீனக்குடா_மின்:
கரண்ட் விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. கொம்பியூட்டர் எழும்பும்போதே டிலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். பவர் பகுதியில் ‘ரிஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்’ மாதிரி ஒரு வரி இருக்கும், போர்டுக்குப் போர்டு பெயர் கொஞ்சம் மாறும். அதைப் ‘பவர் ஒன்’ என்று வையுங்கள். பிறகு சுவரில் பிளக்கைக் கழற்றி, அரை நிமிஷம் விட்டுத் திரும்பப் போட்டுச் சோதியுங்கள். விண்டோஸை ஷட்டவுன் செய்த பிறகு கழற்றுங்கள், ஓடும்போது வேண்டாம்.

ஸ்லீப்பையும் ‘நெவர்’ ஆக்க வேண்டும். தூங்கின கொம்பியூட்டரை டெயில்ஸ்கேல் வழியாக எழுப்பேலாது. எழுப்பும் பாக்கெட் அதே வீட்டு வலைக்குள் இருந்துதான் வர வேண்டும், அதற்கு எப்போதும் ஓடும் இன்னொரு கருவி தேவை. சும்மா நிற்கும்போது 50 வாட் இழுக்கும் பெட்டி என்றால் நாளுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். பில்லில் அது தெரியும், கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். மொனிட்டரை மட்டும் ஓஃப் பண்ணி வைக்கலாம், ரிமோட்டுக்கு அது தேவையில்லை.

கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட, அதற்குத் தனியாக ஒரு சின்ன டிசி யூபிஎஸ் (பெட்டரிப் பெட்டி) போடுங்கள். ரவுட்டர் அடப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள், 12 வோல்ட் 1 ஆம்பியர் மாதிரி இருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடினால் பிழையில்லை. ரவுட்டருக்குள் செருகும் வயர் முனையின் நடுப்பகுதி பிளஸ்ஸா என்றும் பாருங்கள், மாறினால் ரவுட்டர் எரியும்.

கொம்பியூட்டரை வைஃபையில் விடாமல் வயரில் போடுவது நல்லது. ஆனால் நம்முடைய உப்புக் காற்றில் கேபிள் முனையின் பொன்னிற ஊசிகள் பச்சை பிடிக்கும். பிடித்தால் இணைப்பு வந்து வந்து போகும், ஆட்கள் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை தெரிந்தால் சுரண்டிக்கொண்டு இருக்காமல் அந்த முனையை வெட்டிப் புதுத் தலை அடியுங்கள்.

உவர்மலை_வாசல்:
முழுப் பாஸ்வேர்டோடு திறந்துவிட்டது. ‘ரன் அன்அட்டெண்டட்’ போட்டு, பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் போனிலிருந்தே பிடிக்குது. கேபிள் தலையில் இரண்டு ஊசி பச்சைதான், நாளைக்கு மாற்றுறேன்.