அம்மாவுக்கு முழங்கால் வலி, ஊட்டியில் இரண்டு நாள்: எங்கெல்லாம் போகலாம்?

வேளச்சேரிவாசி:
வெள்ளி ராத்திரி சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுறோம், ஞாயிறு ராத்திரி அதே வண்டியில திரும்பணும். அம்மாவுக்கு 68 வயசு, படி ஏற முடியாது. பையனுக்கு 7. மேட்டுப்பாளையம் மலை ரயில் வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்குது. என்ன பண்ணலாம்? நீலகிரிக்குள்ள வண்டி நுழைய இ-பாஸ் வேணுமா?

பல்சக்கரம்:
வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பாதீங்க சார். மலையடிவாரத்துல கல்லாறு தாண்டினா 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிட்டுப் போகணும். அதனால கூட்டம் எவ்வளவு இருந்தாலும் பெட்டியைக் கூட்ட முடியாது.

குன்னூர் வரைக்கும் கார்ல போயிடுங்க. அங்கிருந்து ஊட்டிக்கு 19 கி.மீ., ஒரு நாளைக்குப் பல ரயில் இருக்கு, கவுன்ட்டர்லயே டிக்கெட் வாங்கலாம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். டிரைவர் பெட்டி படுக்கையோட ஊட்டி ஸ்டேஷனுக்கு வந்துடட்டும்.

ஒண்ணை மட்டும் விட்டுடாதீங்க. மேட்டுப்பாளையம் ரயில் குன்னூருக்கு பத்தரை மணிவாக்குல வரும். நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டுவாங்க. அப்போ பையன் பிளாட்பாரத்துல இருக்கணும். கீழ் மலைப் பாதையில ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல் வெட்டின ரெண்டு இரும்புப் பட்டை பக்கத்துப் பக்கத்துல ஓடும். ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா இருக்கும். இன்ஜினோட பல்சக்கரம் எப்பவும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விட்டிருக்கத்தான் அந்த ஏற்பாடு. வெறும் சக்கரம்னா வழுக்கிடும்.

தேயிலைச்சரிவு:
அம்மாவுக்கு ரோஜாப் பூங்கா வேண்டாம், அடுக்கடுக்கா சரிவு. குன்னூர் சிம்ஸ் பூங்காவும் ஏமாத்தும்: இறங்கும்போது சுகமா இருக்கும், திரும்பி வாசலுக்கு ஏறும்போதுதான் கால் கெஞ்சும். தாவரவியல் பூங்காவுல கீழ்ப் புல்வெளி, கண்ணாடி மாளிகை, கல்லாகிப்போன மரம் இதோட நிறுத்திக்கோங்க. மேல் அடுக்குகள் வேண்டாம்.

தொட்டபெட்டா சிகரத்தை (2,637 மீட்டர்) ஞாயிறு காலையில முதல் வேலையா முடிச்சிடுங்க. மதியத்துக்குள்ள மேகம் மூடிட்டா வெள்ளையைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. குன்னூர்ல டால்பின்ஸ் நோஸ் போங்க, வண்டி நிக்கிற இடத்துக்குக் கிட்டயே காட்சி முனை, எதிர்ப்புறம் கேத்தரின் அருவி தெரியும். லேம்ப்ஸ் ராக்ல படி இருக்கு, அதை விட்டுடுங்க.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றி. இ-பாஸ்?

பல்சக்கரம்:
பஸ், ரயில்ல வர்றவங்களுக்குத் தேவையில்ல. வெளியூர் வண்டின்னா கட்டாயம். 2024 மே 7-லிருந்து நடைமுறை, கல்லாறு சோதனைச் சாவடியில பார்ப்பாங்க. மேட்டுப்பாளையத்துல டிஎன் 43 (நீலகிரி) பதிவு டாக்ஸி பிடிச்சா இந்தக் கவலையே இல்ல. தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்க தடை.

ஞாயிறு நாலு மணிக்கெல்லாம் ஊட்டியை விட்டுடுங்க. சீசன்ல இறங்குற வண்டிகளைக் கோத்தகிரி வழியாத் திருப்பிவிடுவாங்க, நேரம் இழுக்கும். டிரைவர் ரெண்டாவது கியர்லயே இறக்கட்டும். பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிடும்.