மீன் தொட்டியில கண்டிஷனர் ஊத்தியும் நைட்ரைட் (மீன் கழிவுல இருந்து உண்டாகிற விஷம்) இறங்கல, என்ன பண்றது?

கோல்டுஃபிஷ்_வீடு:
2 அடி தொட்டி, தண்ணி ஒரு 55 லிட்டர் இருக்கும். 2 ஒராண்டா கோல்டுஃபிஷ். நாலு நாளா நைட்ரைட் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்). டெஸ்ட் டியூப் நாவப்பழச் சாறு மாதிரி நிக்குது. ரெண்டு மடங்கு கண்டிஷனர் ஊத்தியாச்சு, நிறம் அசையல. மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது.

பழைய_தொட்டி:
தம்பி, அது குளோரினுக்கான மருந்து. சாதா கண்டிஷனர்ல இருக்கிறது தயோசல்ஃபேட். நைட்ரைட்டை அது தொடாது. அதைத் தின்ன பாக்டீரியா வேணும், அது ஃபில்டர் ஸ்பான்ஜ்லதான் குடியிருக்கும். ஃபில்டர் ஸ்பான்ஜை எப்போ கழுவினீங்க?

கோல்டுஃபிஷ்_வீடு:
போன ஞாயித்துக்கிழமை. குழாயடியில, தண்ணி தெளியுற வரைக்கும் பிழிஞ்சேன் அண்ணே.

பழைய_தொட்டி:
அங்கதான் போச்சு! குளோரின் தண்ணி பாக்டீரியாவைக் கொன்னிருக்கும். இனிமே தொட்டியில எடுத்த தண்ணியிலயே லேசா அலசுங்க. இப்போ பாதித் தண்ணி மாத்துங்க, 2 வந்து 1 ஆகும். நாளைக்கும் அதே. புதுத் தண்ணிக்கு கண்டிஷனர் கட்டாயம். ரெண்டு நாள் தீனி வேண்டாம். கல் உப்பு 50 கிராம் ஒரு மக்குல கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. உப்புல இருக்கிற குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் உள்ளே போறதைத் தடுக்கும். ரீடிங் குறையாது, மீன் மூச்சு விடும்.

மொட்டைமாடி_கப்பி:
ஏர் பம்பை ராத்திரியும் நிறுத்தாதீங்க. எங்க வீட்ல கரண்ட் பில்லுன்னு நிறுத்தி, காலையில நாலு கப்பி மீன் செத்துப் போச்சு.

கோல்டுஃபிஷ்_வீடு:
மூணாவது நாள். நைட்ரைட் 0.5. வாய் திறக்கிறது நின்னுடுச்சு, தீனி கேட்டு கண்ணாடியை முட்டுது. போடலாமா?

பழைய_தொட்டி:
நாலே நாலு குருணை. அதுக்கு மேல கெஞ்சினாலும் போடாதீங்க.